பள்ளித் தேர்வும் நுழைவுத் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளித் தேர்வுகளுக்கும், இடம் குறைவாகவும் விண்ணப்பம் அதிகமாகவும் உள்ள பள்ளி, கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகளுக்கும் தயாராகும் பிள்ளைகளுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் எழுதப்பட்டது இது. 10 வயதுப் பிள்ளைக்கும் 17 வயதுப் பிள்ளைக்கும் பாடம் வேறு; தயாராகும் முறை பெரும்பாலும் ஒன்றே. எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறோம்.

பள்ளித் தேர்வுக்குப் படிப்பதே நுழைவுத் தேர்வுக்கும் போதுமா?

பாடம் பெரும்பாலும் அதேதான், கேட்கும் விதம் வேறு. பள்ளித் தேர்வு, பாடம் பிள்ளைக்கு வந்துவிட்டதா என்று பார்க்கிறது. நூறு பேர் எழுதினால் நூறு பேரும் தேறலாம். விடை தப்பினாலும் போட்ட படிகளுக்கு மதிப்பெண் உண்டு. நுழைவுத் தேர்வு பிள்ளைகளை வரிசைப்படுத்துகிறது. இடம் 50 என்றால் 51-ஆவதாக வந்த பிள்ளை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் இடமில்லை. அதனால் அங்கே நேரம் இறுக்கமாக இருக்கும். சில வினாக்கள் வேண்டுமென்றே கடினமாக இருக்கும். தெரிவு செய்யக் கொடுக்கும் விடைகளில் தவறானவையும் சும்மா வைக்கப்படுவதில்லை. பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழைகளைச் செய்தால் என்ன விடை வருமோ அதுவே ஒரு தெரிவாக உட்கார்ந்திருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பாடப்புத்தகத்தை அதன் பயிற்சிகளோடு முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் வேகமும் குறுக்குவழியும். பின்னங்களில் தடுமாறும் பிள்ளைக்குக் குறுக்குவழிச் சூத்திரம் கொடுத்தால் அது சூத்திரத்தையும் தப்பாகப் போடும்.

எப்போது தொடங்க வேண்டும்?

தேர்வுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நுழைவுத் தேர்வுக்கு 16 வாரம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். முதல் வாரம் நிலைமையைக் கண்டறிய. 2 முதல் 9 வரை ஓட்டைகளை அடைக்க. 10 முதல் 14 வரை கலப்புப் பயிற்சியும் வாரம் ஒரு மாதிரித் தேர்வும். 15-ஆவது வாரம் முழுத் திருப்புதல். கடைசி வாரம் சுமையைக் குறைக்க. 8 வாரம்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொன்றையும் பாதியாகச் சுருக்குங்கள். முதல் வாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலரும் அதைத்தான் விடுகிறார்கள்.

இரண்டு ஆண்டு முன்பே தொடங்குவதால் என்ன கெடும் என்று கேட்கிறார்கள். 10 வயதுப் பிள்ளையை இரண்டு ஆண்டு ஒரே வகை வினாத்தாளில் உட்கார வைத்தால் வினாக்களின் முகம் மனப்பாடமாகிவிடும். யோசிக்கும் பழக்கம் வளராது. அந்த இரண்டு ஆண்டில் நிறையக் கதை படிப்பதும், வாய்ப்பாடு தடையின்றி வருவதும், ஒரு பத்தியைச் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிவதும் போதும்.

முதல் வாரத்தில் என்னதான் செய்வது?

பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, எதுவும் படிக்காமல், முழு நேரத்துக்கும் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். நேரம் முடிந்ததும் கோடு போட்டுவிட்டு, மிச்சத்தை வேறு நிறப் பேனாவால் தொடர விடுங்கள். இரண்டு மதிப்பெண் கிடைக்கும்: நேரத்துக்குள் எடுத்தது, நேரம் இருந்தால் எடுப்பது. முதலாவது 45, இரண்டாவது 72 என்றால் குறை வேகத்தில். 45, 49 என்றால் பாடத்தில். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. வேகம் போதாத பிள்ளைக்கு மறுபடி பாடம் நடத்துவதும், பாடம் தெரியாத பிள்ளையைக் கடிகாரத்தோடு ஓட விடுவதும் வீண் உழைப்பு.

மதிப்பெண் குறைவாகத்தான் வரும். "இது அளவெடுக்க மட்டும்தான்" என்று எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.

"தெரிந்த கணக்கைக் கவனக்குறைவால் விடுகிறான்." என்ன செய்வது?

"கவனக்குறைவு" என்ற சொல்லை வீட்டில் நிறுத்திப் பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வேறு வேறு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு:

*ஓர் எண்ணிலிருந்து அதன் 20 சதவீதத்தைக் குறைத்தால் 240 வருகிறது. அந்த எண் எது?*

பிள்ளை 288 என்று எழுதியிருக்கிறது. சரியான விடை 300. பார்க்கிறவர் "அவசரத்தில் போட்டிருக்கிறாள்" என்பார். 288 எப்படி வந்தது என்று பாருங்கள்: 240-இன் 20 சதவீதம் 48, 240-உம் 48-உம் 288. கூட்டலும் பெருக்கலும் துல்லியம். கவனம் எங்கும் குறையவில்லை. சதவீதம் எதன் மேல் எடுக்கப்படுகிறது என்பதில்தான் பிள்ளைக்குக் குழப்பம். குறைத்தது பழைய எண்ணின் 20 சதவீதம், 240-இன் 20 சதவீதம் அல்ல. 240 என்பது பழைய எண்ணின் 80 சதவீதம் என்று பார்த்திருந்தால் 300 வந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் மறுநாள் அதே அச்சில் இன்னொன்று கொடுங்கள்: 25 சதவீதம் குறைத்த பிறகு 150 என்றால் பழைய எண் என்ன? விடை 200. பிள்ளை 187.5 என்று எழுதினால், குழப்பம் ஆழமாக இருக்கிறது என்று பொருள். "கவனமாகப் போடு" என்று எத்தனை முறை சொன்னாலும் அது போகாது. ஒரு நீளப் பட்டையை வரைந்து ஐந்தாகப் பிரித்து, ஒரு பாகத்தை அடித்துவிட்டு, "மிச்சம் நான்கு பாகம் 240, ஒரு பாகம் எவ்வளவு?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

288 என்ற அந்த விடை, தெரிவுகளில் ஒன்றாகக் கட்டாயம் இருக்கும். தன் விடை அங்கே இருப்பதைப் பார்த்ததும் பிள்ளை நிம்மதியாக அடுத்த வினாவுக்குப் போய்விடும்.

பிழைகளை எப்படிப் பிரிப்பது?

ஒரு நோட்டுப் புத்தகம் இதற்கென்றே இருக்கட்டும். ஒவ்வொரு பிழைக்கும் நான்கு நெடுவரிசை: வினா எண்ணும் தலைப்பும், எழுதிய விடை, எப்படி அந்த விடை வந்தது, பிழையின் வகை. வகைகள் ஐந்து போதும்.

பாடமே தெரியாதது. தெரியும், அந்த நேரத்தில் நினைவுக்கு வராதது. வினாவைத் தப்பாகப் படித்தது ("அல்லாதது எது", "அதிகபட்சம்" போன்ற சொற்களைத் தாண்டிப் போவது). செய்முறைச் சறுக்கல்: குறி மாறுவது, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எண்ணைத் தப்பாக எடுத்தெழுதுவது, அலகை விடுவது. ஐந்தாவது, நேரம் போதாமல் விட்டது.

மூன்றாவது நெடுவரிசையை, அதாவது எப்படி வந்தது என்பதை, பிள்ளையே எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் பயனில்லை. மூன்று வாரத்தில் ஓர் உருவம் தெரியும். ஒரு பிள்ளைக்குப் பாதிக்கு மேல் வினாவைத் தப்பாகப் படித்ததாக இருக்கும். அதற்குத் தேவை இன்னொரு வழிகாட்டி நூல் அல்ல. எதைக் கேட்கிறார்கள் என்று காட்டும் சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் கணக்கைத் தொட வேண்டும் என்ற பழக்கம். எடுத்தெழுதும்போது எண் மாறும் பிள்ளைக்கு, ரஃப் ஒர்க்கை மூலைக்கு மூலை எழுதாமல் வினா எண் போட்டு மேலிருந்து கீழாக எழுதப் பழக்கினாலே பாதி சரியாகும்.

படிக்கும்போது புரிகிறது, ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. ஏன்?

மறுபடி மறுபடி வாசிப்பதால். வாசிக்கும்போது வரிகள் பழகிய முகமாகத் தெரிகின்றன. பழக்கத்தை அறிவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முன்னால்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56.

முந்தின இரவு திரும்பத் திரும்ப வாசிக்கும் பிள்ளை "எல்லாம் தெரியும்" என்று சொல்வது பொய்யில்லை. அந்த நேரத்துக்குத் தெரியும்.

வீட்டில் இப்படிச் செய்யலாம். 20 நிமிடம் ஒரு பகுதியைப் படிக்கட்டும். புத்தகத்தை மூடி இன்னொரு அறையில் வைக்கட்டும். வெள்ளைத் தாளில் 8 முதல் 10 நிமிடம், நினைவில் இருப்பதையெல்லாம் எழுதட்டும். படமோ அம்புக்குறியோ எதுவானாலும் சரி. பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். அடுத்த நாள் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு மட்டும்தான். முதல் தாளில் பாதிக்கு மேல் சிவப்பாக இருக்கும், பிள்ளை சோர்ந்துபோகும். நாலாவது, ஐந்தாவது தாளில் சிவப்பு குறைவதைக் கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காகவே தாள்களுக்குத் தேதி போட்டு வைத்திருங்கள்.

வண்ணப் பேனாவால் வரிகளை அடிக்கோடிடுவது படித்த நிறைவைத் தரும். அதற்கு மேல் பெரிதாகப் பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்?

படித்த மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்றாம் வாரம். இந்த எண்கள் வேதவாக்கல்ல. இடைவெளி மெல்ல மெல்ல நீள வேண்டும் என்பதுதான் விஷயம். கொஞ்சம் மறந்த பிறகு முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதில்தான் அது பதிகிறது.

சொற்பொருள், சூத்திரம், ஆண்டு, வரையறை போன்றவற்றுக்கு, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய அட்டைகளைப் பெட்டிகளில் பிரித்து வைக்கும் முறை நல்லது. 1970-களில் ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் பரப்பியது. மூன்று பெட்டி. முதல் பெட்டி அட்டைகளைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பும். இதில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள்: ஓர் அட்டையில் ஆறு விஷயத்தைத் திணிப்பது, வாயால் சொல்லும் முன்பே அட்டையைத் திருப்பிவிடுவது. ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி. சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும்.

வீட்டில் எல்லாக் கணக்கும் வருகிறது. தேர்வில் மட்டும் வருவதில்லையே?

பெரும்பாலும் பயிற்சி செய்யும் வரிசைதான் காரணம். பயிற்சி 4-இல் இருக்கும் 20 கணக்கும் ஒரே வகை. முதல் கணக்குக்கு வழி தெரிந்தால் மிச்சம் 19-க்கும் அதே வழி. எந்த வழி என்று யோசிக்க வேண்டியதே இல்லை. தேர்வில் அதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

2007-இல் ரோரர், டெய்லர் இருவரும் நான்கு வகைத் திண்மங்களின் கன அளவை இரண்டு குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். வகை வகையாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள்; கலந்து பயின்றவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20 சதவீதம், கலந்து பயின்ற குழு 63.

புதுப் பாடம் நடக்கும் வாரத்தில் ஒரே வகையாகப் போடுவது சரிதான். அடுத்த வாரத்திலிருந்து ஐந்து அத்தியாயங்களிலிருந்து இரண்டிரண்டு கணக்கு எடுத்துச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். போடும் முன் "இது எந்த வகை, ஏன்?" என்று ஒரு வரி சொல்லட்டும். கலந்து போடும் வாரங்களில் மதிப்பெண் இறங்கும். அதைப் பார்த்துப் பழைய முறைக்கே திரும்பிவிடுபவர்கள் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?

பள்ளி நாளில் 10, 11 வயதுக்கு ஒன்றரை மணி நேரம், 15 வயதுக்கு மேல் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் தரமாக நடந்தால் போதும். 25 முதல் 40 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் எழுந்து நடப்பது. போன் வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைத்தாலும் கவனம் அதன் மேல்தான் இருக்கும்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்தது தூக்கத்தில்தான் நிலைப்படுகிறது. 11 மணிக்கு மேல் கொட்டாவியோடு படிக்கும் ஒரு மணி நேரம் மறுநாள் வகுப்பின் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

மாதிரித் தேர்வு எத்தனை எழுத வேண்டும்?

முழு நீளத் தேர்வு ஆறு முதல் எட்டு, ஒவ்வொன்றையும் அக்குவேறு ஆணிவேறாக அலசினால் தாராளம். முப்பது எழுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதைவிட இது மேல். கணக்கு எளிது: 90 நிமிடத் தேர்வுக்கு குறைந்தது 90 நிமிடம் அலசல். பிழை நோட்டு அன்றே எழுதப்பட வேண்டும். தப்பிய வினாக்களை விடை பார்க்காமல் மூன்றாம் நாள் மறுபடி போட வேண்டும். சரியாகப் போட்டவற்றிலும் ஊகத்தில் வந்தவற்றைத் தனியாகக் குறிக்க வேண்டும். எழுதும்போதே வினா எண்ணின் பக்கத்தில் ஒரு சிறு கேள்விக்குறி போடப் பழக்கினால் இது எளிது.

நிஜத் தேர்வு காலை 10 மணிக்கு என்றால் மாதிரியும் காலை 10 மணிக்கு. அதே வகைப் பேனா, அதே வகை விடைத்தாள், நடுவில் எழக்கூடாது. கால்குலேட்டர் அனுமதி இல்லையென்றால் பயிற்சியிலும் இல்லை.

தேர்வறையில் நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

60 வினா, 90 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வினாவுக்குச் சராசரி ஒன்றரை நிமிடம். ஆனால் எல்லா வினாவுக்கும் ஒன்றரை நிமிடம் கொடுப்பது தவறு. முதல் சுற்றில் 50 நிமிடத்துக்குள் தாளின் கடைசி வரை போய்விட வேண்டும். பார்த்ததும் வழி தெரிந்தவற்றை மட்டும் போட்டுக்கொண்டு. அரை நிமிடம் யோசித்தும் வழி தெரியவில்லையென்றால் குறி போட்டுவிட்டு நகர வேண்டும். இரண்டாம் சுற்று 30 நிமிடம், குறி போட்டவற்றுக்கு. கடைசி 10 நிமிடம் விடைத்தாளைச் சரிபார்க்க.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் இதில் தோற்கிறார்கள். 14-ஆவது வினா தன்னைத் தோற்கடித்துவிட்டதாக நினைத்து ஏழு நிமிடம் அதோடு மல்லுக்கட்டுவார்கள். அந்த ஏழு நிமிடத்தில் கடைசிப் பக்கத்து எளிய வினா நான்கு போகும். அந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் அதேதான் என்பதை மாதிரித் தேர்வு விடைத்தாளை வைத்தே காட்டுங்கள், சொன்னால் உறைக்காது.

வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் என்னென்ன தப்பு நடக்கும்?

வரிசை மாறுவதுதான் பெரிய ஆபத்து. பிள்ளை 17-ஆவது வினாவைத் தாண்டிவிட்டு 18-இன் விடையை 17-ஆம் வரியில் நிரப்பிவிடுகிறது. 40-ஆவது வினாவில்தான் தெரிகிறது. அதற்குள் 23 விடைகள் ஒரு வரி மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். பேனாவால் நிரப்பியது என்றால் அழிக்கவும் முடியாது.

தடுக்க ஒரு பழக்கம்: 10, 20, 30 என்று பத்தில் முடியும் ஒவ்வொரு வினாவிலும் வினா எண்ணையும் வரி எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட வேண்டும். ஒரு வினாவைத் தாண்டினால் அந்த வரி காலியாக இருப்பதை அந்த நொடியே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பலாம் என்று விடுவது மிக ஆபத்து. பக்கத்துக்குப் பக்கம் நிரப்புவது பாதுகாப்பு. பதிவெண், வினாத்தாள் வரிசைக் குறியீடு ஆகியவற்றை எண்ணாகவும் எழுதி வட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை மறப்பது வழக்கமாக நடக்கிறது.

நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வில் ஊகிக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு தெரிவு, சரிக்கு 1, தவறுக்கு கால் மதிப்பெண் கழிவு என்றால்: கண்ணை மூடி 16 வினாவுக்கு விடை போட்டால் சராசரியாக 4 சரி, 12 தவறு. 4-இலிருந்து 3 போக மிச்சம் 1. மிகச் சிறிய லாபம், அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்றால் 12 வினாவில் 3 சரி, 9 தவறு. கிடைத்ததும் போனதும் சமம்.

ஒரு தெரிவையாவது உறுதியாக நீக்க முடிந்தால் கணக்கு மாறுகிறது. அதே 12 வினாவில் 4 சரி, 8 தவறு. நிகரமாக ஒன்றே கால் மதிப்பெண்ணுக்குச் சற்று மேல் லாபம். எனவே, ஒன்றை நீக்க முடிந்தால் போடலாம். ஒன்றைக்கூட நீக்க முடியாவிட்டால் விட்டுவிடலாம். கழிவே இல்லாத தேர்வில் ஒரு வட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

ஒன்று நினைவிருக்கட்டும். "எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது" என்பது தெரிவை நீக்கியதாகாது. மேலே சொன்ன 288 அப்படித்தான் தோன்றும்.

முதலில் தோன்றிய விடைதான் சரி, மாற்றக் கூடாது என்கிறார்களே?

அது பரவலான நம்பிக்கை. சான்று எதிராக இருக்கிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1,500-க்கும் மேற்பட்ட விடைத்தாள்களில் அழித்து மாற்றப்பட்ட விடைகளை எண்ணினார்கள். ஏறக்குறைய பாதி தவறிலிருந்து சரிக்கு மாறியவை. கால் பங்குதான் சரியிலிருந்து தவறுக்கு. சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்தது மனதில் தைத்து நிற்பதால் அதுவே அதிகம் என்று தோன்றுகிறது. காரணம் ஒன்று கண்டுபிடித்தால் மாற்றலாம். பதற்றத்தில் மட்டும் மாற்ற வேண்டாம்.

விரிவான விடைகளில் "எல்லாம் எழுதினேன், மதிப்பெண் வரவில்லை" என்றால்?

திருத்துபவர் கையில் குறிப்பு இருக்கும்: இந்தக் கருத்துக்கு 1, அந்தக் கருத்துக்கு 1 என்று. பக்கத்தின் நீளத்துக்கு மதிப்பெண் இல்லை.

*பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசுவது ஏன்? (3 மதிப்பெண்)*

பிள்ளை எழுதியது: "பகலில் சூரியனால் நிலம் சூடாகிறது. அதனால் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. இது கடற்காற்று எனப்படும். இது நமக்கு இதமாக இருக்கும்." நான்கு வாக்கியம், ஒரு மதிப்பெண். "ஏன்" என்ற வினாவுக்குச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும்: நீரைவிட நிலம் விரைவில் சூடாகிறது; நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி, லேசாகி, மேலே எழுகிறது; அங்கே அழுத்தம் குறைவதால் கடல் மேலுள்ள குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. மூன்று கண்ணி, மூன்று மதிப்பெண். "அதனால்" என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் நடுவில் ஏதாவது விட்டுப்போனதா என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

"ஒப்பிடுக" என்றால் இரண்டையும் ஒரே வரியில் வைத்து எழுத வேண்டும். முதலில் ஒன்றைப் பற்றி ஒரு பத்தி, பிறகு மற்றதைப் பற்றி ஒரு பத்தி என்பது ஒப்பீடாகாது. "வரையறு" என்றால் ஒரே வாக்கியம். கணக்கில் சூத்திரம், எண்களை இட்ட வரி, விடை, அலகு என நான்கும் தெரிய வேண்டும்.

பயிற்சி மையத்துக்கு அனுப்ப வேண்டுமா?

கட்டாயமில்லை. அனுப்புவதானால் மூன்று கேள்வி கேளுங்கள். திருத்திய தாள் எத்தனை நாளில், எந்த விதமான குறிப்போடு திரும்ப வரும்? ஒரு பிள்ளை பின்தங்கினால் அதற்கென்று என்ன செய்வீர்கள்? வாரத்துக்கு எவ்வளவு வீட்டு வேலை? தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணை மட்டும் சொல்லி, எழுதியவர்கள் எத்தனை பேர் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மையத்தில் கழியும் நேரத்தால் வீட்டில் தனியாக உட்கார்ந்து போடும் நேரம் போய்விடுகிறது என்றால், அந்த வகுப்பு நட்டம்தான்.

எங்களுக்கு அந்தப் பாடம் தெரியாது. எப்படி உதவுவது?

தெரியாமல் இருப்பது சில நேரம் நல்லது. விடையைச் சொல்லிக் கொடுக்கும் ஆசை வராது. விடைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்குப் புரியும்படி சொல்லு" என்று கேளுங்கள். எங்கே பிள்ளை தயங்குகிறதோ, எங்கே "அது அப்படித்தான்" என்கிறதோ, அங்கேதான் ஓட்டை. அந்த இடத்தைக் குறித்து ஆசிரியரிடம் அனுப்புங்கள். அட்டைகளைக் கேட்பது, கடிகாரம் பார்ப்பது, பிழை நோட்டுக்குத் தேதி போடுவது எல்லாம் யாராலும் முடியும். உடன்பிறந்தவரோடும் அத்தை பிள்ளையோடும் ஒப்பிடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். போன மாதத் தாளோடு ஒப்பிடுங்கள்.

நேர்காணல் இருந்தால்?

மனப்பாடப் பேச்சு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பிடித்த புத்தகம் எது என்று கேட்டு, பதிலுக்கு அடுத்து "அதில் உனக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்பார்கள், மனப்பாடம் அங்கே நின்றுவிடும். வீட்டில் தினம் ஐந்து நிமிடம், ஒரு பதிலுக்கு மேல் இரண்டு "ஏன்" கேட்டுப் பழக்குங்கள். "தெரியவில்லை, ஆனால் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை நல்ல பிள்ளையாகவே தெரியும்.

தேர்வு என்றாலே வயிறு கலங்குகிறது, கை நடுங்குகிறது.

கொஞ்சம் படபடப்பு இயல்பு. அறையின் பழக்கம் வந்தால் பெரும்பாலும் தணியும். மாதிரித் தேர்வை ஒன்றிரண்டு முறையாவது வீட்டுக்கு வெளியே, தெரியாத பிள்ளைகளோடு எழுத வையுங்கள். தாளைப் பார்த்ததும் மனம் வெறுமையானால்: பேனாவைக் கீழே வைத்து, மூச்சை இழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கி ஐந்து முறை, பிறகு தாளிலேயே மிக எளிய வினாவைத் தேடி அதை முதலில் எழுதுவது. இதையும் மாதிரித் தேர்வில் ஒத்திகை பார்க்க வேண்டும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், தன்னைத் தானே வெறுத்துப் பேசினால், தேர்வை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ உடனே பாருங்கள்.

விண்ணப்பத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெயரின் எழுத்துகளும் முன்னெழுத்தும் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிப் பதிவிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருத்த வாரக்கணக்கில் ஆகலாம். கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்; கடைசி மாலை இணையதளம் திணறும். அனுப்பியதும் ஒப்புகைப் பக்கத்தைச் சேமித்து, ஒரு பிரதி அச்செடுத்து வையுங்கள்.

கடைசி வாரமும் முந்தின நாளும்?

புதுப் பாடம் எதையும் தொட வேண்டாம். பிழை நோட்டு, சூத்திர அட்டைகள், பாதி நீளத் தாள் ஒன்றிரண்டு. தேர்வு நேரத்துக்கு ஏற்ப எழும் நேரத்தை ஏழு நாள் முன்பே மாற்றத் தொடங்குங்கள். முந்தின நாள் மாலை ஹால் டிக்கெட், அடையாள அட்டை, எழுதிப் பழகிய பேனா இரண்டு, தண்ணீர் பாட்டில், கைக்கடிகாரம் அனுமதியென்றால் அதுவும் பையில் போய்விட வேண்டும். தேர்வு மையம் புது இடமென்றால் ஒருமுறை நேரில் போய் வழி பார்த்துவிடுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்?

முடிவு வந்த அன்று அலச வேண்டாம். ஒரு வாரம் கழித்து, பாடவாரியாக மதிப்பெண் கொடுத்திருந்தால் அதையும் பிழை நோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். காத்திருப்போர் பட்டியல் உண்டா, மறுகூட்டலுக்கோ விடைக்குறிப்பை மறுக்கவோ கடைசி நாள் எது என்பதை மட்டும் முடிவு வந்த அன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குச் சில நாள் அவகாசம்தான் இருக்கும். அந்த வேலை உங்களுடையது. பிள்ளை அன்று விளையாடப் போகட்டும்.